ரெயூனியனில் சொந்தப் படகு: பாதுகாப்புச் சாமான்கள், விதிகள், சோதனைகள் – முழுமையான வழிகாட்டி

பிரெஞ்சுத் தீவான ரெயூனியனில் காருக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கோந்த்ரோல் தெக்னிக் என்ற சோதனை உண்டு. படகுக்கு அப்படி எதுவும் கிடையாது. பொழுதுபோக்குக்காக வைத்திருக்கும் படகை வருடா வருடம் வந்து பார்த்து முத்திரை குத்தித் தர யாரும் வரமாட்டார்கள். அதனால் பலர் 'சோதனையே இல்லை' என்று நினைத்துக்கொள்கிறார்கள். சோதனை உண்டு. அது கடலில், நீங்கள் எதிர்பாராத நேரத்தில் நடக்கும். அதுவரை எல்லாப் பொறுப்பும் அன்றைக்குப் படகை நடத்திச் செல்பவர் தலையில். சட்டம் அவரை 'ஷெஃப் து போர்' என்கிறது. படகு மச்சானுடையதாக இருக்கலாம், டீசலுக்குக் காசு கொடுத்தது மாமாவாக இருக்கலாம். சுக்கானைப் பிடித்து முடிவெடுப்பவர் நீங்கள் என்றால் கேள்வி உங்களிடம்தான் வரும். கிளம்பும்முன்பே அது யார் என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவது நல்லது.

விதிகள் இருக்கும் இடம் 'திவிசியோன் 240'. 24 மீட்டருக்குக் குறைவான பொழுதுபோக்குப் படகுகளுக்கு இதுதான் சட்டம். இப்போது நடப்பில் உள்ள வடிவம் 2019 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்தது. பழைய பட்டியலை வைத்துக்கொண்டு கடையில் சாமான் வாங்கும் ஆட்களை இன்னும் பார்க்கிறேன். வாங்கும்முன் கையில் இருப்பது எந்த வருடத்துப் பட்டியல் என்று பாருங்கள்.

படி 1: உங்கள் ஒதுங்கிடம் எது என்று முடிவு செய்யுங்கள்

எல்லாக் கணக்கும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. தவறும் பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது.

என்னென்ன சாமான் வேண்டும் என்பதை விதி தூரத்தை வைத்துச் சொல்கிறது: 2 கடல் மைல் வரை, 2 முதல் 6 வரை, 6 முதல் 60 வரை, 60-க்கு மேல். ஒரு கடல் மைல் 1852 மீட்டர். ஆனால் இந்தத் தூரம் கரையிலிருந்து அளப்பதல்ல, 'அப்ரி'யிலிருந்து அளப்பது. அதாவது உங்கள் படகும் அதில் இருப்பவர்களும் பாதுகாப்பாக ஒதுங்க, நங்கூரம் போட, கரையேற முடிகிற இடம். பிறகு யார் உதவியும் இல்லாமல் அங்கிருந்து மறுபடி கிளம்பவும் முடிகிற இடம். அன்றைய வானிலையையும் உங்கள் படகின் தன்மையையும் சேர்த்தே அதைக் கணக்கிட வேண்டும்.

பிரான்சின் பெருநிலக் கரையில் இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. அங்கே துறைமுகங்கள் நெருக்கமாக இருக்கும். நம் தீவு அப்படியல்ல. மேற்கே லெ போர், சேன் போல், சேன் ஜில், சேன் லெ. தெற்கே லெத்தான் சலே, சேன் பியேர். வடக்கே சேந்த் மரி. கிழக்கே சேந்த் ரோஸ். பெயர் சொல்லும்படியான இடங்கள் இவ்வளவுதான். நடுவில் இருப்பது பாறை, கூழாங்கல், செங்குத்துச் சரிவு.

சேந்த் மரியிலிருந்து லெ போர் வரை கடல் வழியே சுமார் 12 மைல் இருக்கும். சேன் தெனியைத் தாண்டி, கரையோரமாகப் போகும் லித்தோரால் சாலையின் பாறைச் சுவருக்குக் கீழே நின்று மீன் பிடிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மேலே போகும் பேருந்தின் எண்கூடக் கண்ணுக்குத் தெரியும். ஆனால் அந்தச் சுவரில் எங்கே ஒதுங்குவீர்கள்? இரண்டு பக்கமும் ஒதுங்கிடம் ஆறு மைலை ஒட்டி இருக்கிறது. கரைக்கு 300 மீட்டரில் நின்றாலும் சாமான் கணக்கில் நீங்கள் 2 மைலுக்குள் இல்லை. தென்கிழக்கில் இன்னும் மோசம். சேன் பிலிப்புக்கும் சேந்த் ரோஸுக்கும் நடுவே கிரான் புருலே எரிமலைக் குழம்பு இறங்கிய கரை. 2022 பிப்ரவரியில் பத்சிராய் புயலின்போது திரெஸ்தா ஸ்டார் என்ற எண்ணெய்க் கப்பல் சேன் பிலிப் பக்கம் லெ திராம்பிலேயில் பாறையில் மோதி நின்றது. அதில் இருந்த 11 பேரையும் காப்பாற்றினார்கள், கப்பலைக் காப்பாற்ற முடியவில்லை. கப்பலுக்கே அந்தக் கரை இடம் கொடுக்கவில்லை. ஆறு மீட்டர் பாலியெஸ்டர் படகுக்கு அது ஒதுங்கிடம் ஆகாது.

"கரைதான் கண்ணுக்குத் தெரியுதே மாமா" என்று சொல்லும் இளசுகளுக்கு நான் வரைபடத்தைத்தான் காட்டுவேன். நீங்கள் வழக்கமாகப் போகும் இடங்களை வரைபடத்தில் குறியுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்து ஒதுங்கிடம் எது, எத்தனை மைல் என்று எழுதுங்கள். 'தே.சே.பே' என்று நாம் சொல்லும் மீன்கூட்டும் மிதவைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சுக் கடல் ஆய்வு நிறுவனமான இஃப்ரெமெர் 1980-களின் கடைசியில் இங்கே தொடங்கி வைத்தவை அவை. சூரை, தொராத், தசார் எல்லாம் அங்கேதான் கிடைக்கும். சில மிதவைகள் 6 மைலுக்குள் இருக்கின்றன, சில தாண்டி இருக்கின்றன. மிதவை எங்கே இருக்கிறது என்று சொல்லும் நண்பர் அது எத்தனை மைல் என்று சொல்லமாட்டார்.

இதே கணக்கு உங்கள் பெர்மிக்கும், அதாவது படகு ஓட்டும் உரிமத்துக்கும், பொருந்தும். என்ஜின் 4.5 கிலோவாட்டுக்கு, அதாவது 6 குதிரைத்திறனுக்கு மேல் போனால் பெர்மி வேண்டும். குறைந்தது 16 வயது ஆகியிருக்க வேண்டும். கரையோரப் பெர்மி ஒதுங்கிடத்திலிருந்து 6 மைல் வரைதான் செல்லும். அதற்கு அப்பால் 'ஒத்தூரியே' என்ற ஆழ்கடல் பெர்மி வேண்டும். சாமான் எல்லாம் பக்காவாக இருந்து பெர்மி மட்டும் போதாமல் மாட்டிக்கொள்வதும் நடக்கிறது.

படி 2: படகின் தகட்டைப் படியுங்கள்

சுக்கான் பக்கத்திலோ பின்பக்க உள்சுவரிலோ தயாரிப்பாளர் ஒட்டிய சிறு தகடு இருக்கும். சிஇ என்ற ஐரோப்பியத் தர முத்திரை உள்ள படகு என்றால் அதில் A, B, C, D என ஓர் எழுத்தும், எத்தனை பேர் ஏறலாம், எவ்வளவு எடை ஏற்றலாம் என்பதும் இருக்கும். C என்றால் காற்றின் வேகத்தைச் சொல்லும் பியூஃபோர்ட் அளவில் 6 வரை காற்று, 2 மீட்டர் வரை அலை. D என்றால் காற்று 4 வரை, அலை 30 சென்டிமீட்டர், எப்போதாவது 50. D படகு ஏரிக்கும் லகூனுக்கும் சரி. தெற்கிலிருந்து பேரலை வரும் மாதங்களில் சேன் பியேர் வாய்க்காலைத் தாண்ட அது செய்யப்பட்டதல்ல.

இந்த எழுத்தையும் முன் சொன்ன தூரத்தையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். எழுத்து சொல்வது படகு எந்த நிலைமையைத் தாங்கும் என்பதை. எத்தனை மைல் போகலாம் என்பதை அது சொல்வதில்லை.

ஆள் எண்ணிக்கைதான் நம்மிடம் வழக்கமாக இடிக்கும் இடம். டிசம்பரில் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் உறவினர் வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை படகில் ஒரு சுற்று என்று ஆசைப்படுவார்கள். தகட்டில் 6 என்று இருந்தால் 6 தான். 'குழந்தைதானே, மடியில் உட்காரட்டும்' என்பது பேருந்துக்கு ஓடும். அத்தை கொண்டுவரும் சாப்பாட்டுப் பெட்டி, ஐஸ் பெட்டி, தண்ணீர்க் கேன் எல்லாம் எடைக் கணக்கில் வரும். இரண்டு நடையாகக் கூட்டிப் போங்கள்.

பழைய படகை லெபோன்குவான் விளம்பர இணையதளத்தில் பார்த்து வாங்கப் போகிறீர்களா? விலை பேசும்முன் இந்தத் தகட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

படி 3: தூரத்துக்கேற்ற பட்டியல்

2 மைல் வரை அடிப்படைச் சாமான்கள் போதும். ஆளுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட். தண்ணீர் புகாத, குறைந்தது 6 மணி நேரம் எரியும் ஒரு விளக்கு. இது படகுக்குப் பொதுவான டார்ச்சாக இருக்கலாம், அல்லது ஒவ்வொருவரும் உடம்பில் மாட்டிக்கொள்ளும் சிறு விளக்காக இருக்கலாம். தீயணைப்பான். கையால் தண்ணீர் இறைக்க ஏதாவது ஒன்று: பக்கெட்டோ கைப்பம்போ. இழுத்துப் போக வசதியாகக் கயிறும் அதைக் கட்டும் கொக்கியும். சாமான் ஏற்றாத நிலையில் படகு 250 கிலோவோ அதற்கு மேலோ என்றால் நங்கூரமும் அதன் கயிறும். விழுந்தவர் தானே மறுபடி ஏற ஒரு வழி. கைப்பிடியால் திருப்பும், படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு என்ஜின் 4.5 கிலோவாட்டுக்கு மேல் என்றால், ஓட்டுபவர் தூக்கியெறியப்பட்டால் என்ஜினை நிறுத்தும் கயிறு.

இதில் ஏறும் வழியைப் பற்றி ஒன்று. ஏணி மாட்டியிருந்தால் போதாது. தண்ணீரில் இருப்பவர் கையை நீட்டி அதைத் தானே இறக்க முடிய வேண்டும். கடல் அமைதியாக இருக்கும் நாளில், லகூனில், ஒருவரை இறக்கிவிட்டுச் செய்து பாருங்கள். பல படகுகளில் ஏணியை உள்ளே இருந்து ஒருவர் கொக்கி நீக்கினால்தான் இறங்கும். தனியாக மீன் பிடிக்கப் போகிறவருக்கு அந்த ஏணி இருந்தும் இல்லாத மாதிரிதான்.

2 முதல் 6 மைல் வரை போகிறீர்கள் என்றால் மேலே சொன்னவற்றோடு ஆபத்துச் சைகையாகக் கையில் பிடித்து எரிக்கும் சிவப்பு ஃப்ளேர் 3, காந்தத் திசைகாட்டி, அந்தப் பகுதியின் கடல் வரைபடம், கடல் போக்குவரத்து விதிகள், மிதவைக் குறிகளை விளக்கும் சுருக்கம் ஆகியவையும் வேண்டும். கடலில் விழுந்தவரை அடையாளம் கண்டு உதவ எறியும் மிதவையும் வேண்டும். சிறிய படகுகள் சிலவற்றுக்கு இதில் விலக்கு உண்டு. வரைபடமும் ஆவணமும் காகிதத்தில்தான் இருக்க வேண்டும் என்றில்லை. மின்னணு வடிவம் செல்லும், ஆனால் அதைப் படிக்கும் கருவி படகில் இருந்து வேலை செய்ய வேண்டும். சார்ஜ் இல்லாத ஃபோனில் உள்ள வரைபடம் படகில் இல்லாத வரைபடம்.

6 மைலைத் தாண்டினால் செலவு வேறு தரத்துக்குப் போய்விடும். உயிர்காக்கும் ராஃப்ட், படகில் நிலையாகப் பொருத்திய வி.எச்.எஃப் ரேடியோ, வானிலை அறிக்கை பெறும் கருவி, நிலையைக் குறிக்கும் கருவிகள், கலங்கரை விளக்குகளைப் பட்டியலிடும் புத்தகம், பயணக் குறிப்பேடு, முதலுதவிப் பெட்டி, இரவில் தேட உதவும் விளக்கு, இடுப்புப் பட்டையும் பிணைப்புக் கயிறும். நிலையான வி.எச்.எஃப் 2017 ஜனவரி முதல் கட்டாயம். ராஃப்ட்டைத் தயாரிப்பாளர் சொன்ன கெடுவில் பட்டறைக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும். கெடு முடிந்த ராஃப்ட் சோதனையில் ராஃப்ட்டாகவே கணக்கில் வராது.

60-க்கு மேல் ஆபத்துச் சைகை அனுப்பும் பீக்கனும், கையில் எடுத்துச் செல்லும் வி.எச்.எஃப்-உம் சேரும். நமக்கு இது எங்கே வரும் என்றால் மொரீஷியஸ் பயணத்தில். சேந்த் மரியிலிருந்து போர் லூயிக்குப் போகும் வழியில் நடுக்கடலில் 60 மைல் கோட்டை உரசுவீர்கள். 59 தான் வருகிறது என்று பென்சிலால் காட்டிக்கொண்டிருக்காமல் பீக்கனை வாங்கிப் பதிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள். 12 மைல் கடல் எல்லையைத் தாண்டினால் தேசியக் கொடியும் வேண்டும்.

படி 4: லைஃப் ஜாக்கெட்

ஜாக்கெட்டின் தாங்கும் திறனை நியூட்டனில் சொல்வார்கள். 2 மைல் வரை 50, 6 மைல் வரை 100, அதற்கு மேல் 150. 30 கிலோவும் அதற்குக் குறைவும் உள்ள குழந்தைக்கு மட்டும் தூரக் கணக்கே கிடையாது: எங்கே போனாலும் 100. பெரியவர்களுக்கு 50 வாங்கும்போது அதே ரகத்தில் சின்ன அளவைக் குழந்தைக்கும் வாங்கிவிடுகிறார்கள். சோதனையில் முதலில் பிடிபடுவது இதுதான். குழந்தை ஜாக்கெட்டில் தொடைக்கு நடுவே போகும் பட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாவிட்டால் தண்ணீரில் ஜாக்கெட் மேலே போகும், பிள்ளை கீழே போகும்.

ஜெட் ஸ்கி மாதிரியானவற்றில் ஜாக்கெட்டைப் போட்டிருக்க வேண்டும். சாதாரணப் படகில் ஆளுக்கு ஒன்று இருந்தால் சட்டத்துக்குப் போதும். ஆனால் 'இருக்கிறது' என்றால் கைக்கு எட்டும் இடத்தில் என்று அர்த்தம். தூண்டில் கம்பு, ஐஸ் பெட்டி, பாய் எல்லாவற்றுக்கும் அடியில் அணியத்து அறையில், படகின் முன்முனையில், கிடக்கும் ஜாக்கெட்டை எண்ணிக் காட்டலாம், போட முடியாது. குழந்தைகளும் நீச்சல் தெரியாதவர்களும் கரையிலேயே போட்டுக்கொண்டு ஏறட்டும். என் படகில் இது பேச்சுவார்த்தைக்கு உட்பட்டதல்ல. பட்டுப்புடவை கசங்கும் என்று சொன்ன பெரியம்மா கரையில் உட்கார்ந்து எங்களுக்குக் கையசைத்தார்.

தானே ஊதிக்கொள்ளும் ஜாக்கெட் வைத்திருப்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறை வாராங்கில் (வராந்தாவில்) ஒரு மேசையைப் போட்டு இதைச் செய்யுங்கள். மடிப்பைப் பிரியுங்கள். உள்ளே ஒரு சின்ன இரும்புக் குப்பி இருக்கும், கரியமில வாயு அடைத்தது. அதை மறை கழற்றி எடுங்கள். துளையிட்டிருந்தால் அல்லது கழுத்தில் துரு இருந்தால் மாற்ற வேண்டும். குப்பியின் மேல் எடை பொறித்திருப்பார்கள். சமையலறைத் தராசில் வையுங்கள். பொறித்த எடைக்குக் குறைந்தால் வாயு கசிந்துவிட்டது. பிறகு வாய்க்குழாயால் ஜாக்கெட்டை ஊதி, வெயில் படாத இடத்தில் ஒரு நாள் முழுக்க விடுங்கள். மறுநாள் தளர்ந்திருந்தால் பையில் ஓட்டை, தூக்கிப் போடுங்கள்; ஒட்டுப் போட்டுப் பயன்படுத்தும் பொருள் அல்ல இது. தண்ணீர் பட்டதும் வேலை செய்யும் பகுதியின் மேல் ஒரு தேதி இருக்கும், அதையும் பாருங்கள். சேந்தாந்த்ரே, சேந்த் ரோஸ் பக்கத்து ஈரக் காற்றில் அந்தப் பகுதி கராஜில் தொங்கிக்கொண்டே வீணாகிவிடும். கடைசியாகக் குப்பியைக் கையால் இறுக்கி மாட்டுங்கள். படகின் அதிர்வில் அது தானே தளரும். ஒரு நண்பர் வீட்டில் இப்படிப் பார்த்தபோது நான்கு ஜாக்கெட்டில் மூன்றின் குப்பி விரலால் தொட்டதும் சுற்றியது.

படி 5: கூப்பிடும் சாமான்

மேற்குக் கரையில் வளர்ந்தவர்களுக்கு அங்கே கடல் எப்போதும் சாது. மலை காற்றை மறைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். மே முதல் அக்டோபர் வரை அலிசே என்ற தென்கிழக்குக் காற்று பலமாக வீசும். மறைப்பைத் தாண்டி நான்கைந்து மைல் போனதும் அது பக்கவாட்டில் வந்து பிடிக்கும். அங்கே என்ஜின் நின்றால் படகு கரைக்கு வராது, மேற்கே போகும். மேற்கே அடுத்த நிலம் மடகாஸ்கர், சுமார் 700 கிலோமீட்டர். நங்கூரம் போடலாமே என்றால் எரிமலைத் தீவில் கடலடி சட்டென்று இறங்கிவிடும், கயிறு எட்டாது. பட்டியலில் இல்லாவிட்டாலும் ஒரு மிதவை நங்கூரம், தண்ணீரில் விரியும் துணிக்கூம்பு, வைத்துக்கொள்ளச் சொல்வேன். படகு அலைக்கு முகம் கொடுத்து மெதுவாக நகரும். தேடி வருபவர்களுக்கு நேரம் கிடைக்கும்.

தேட ஆள் அனுப்புவது லெ போரில் உள்ள கடல் மீட்பு மையமான குரோஸ். ஃபோனில் 196, ரேடியோவில் 16-ஆம் சானல். ஃபோன் சிக்னல் கரையை விட்டு விலகியதும் போய்விடலாம். ரேடியோவில் நீங்கள் பேசுவதைக் குரோஸ் மட்டுமல்ல, பக்கத்தில் போகும் எல்லாப் படகும் கேட்கும். அதனால் 6 மைலுக்குள் கட்டாயம் இல்லாவிட்டாலும் ஒரு கை வி.எச்.எஃப் வாங்குங்கள். பிரெஞ்சுக் கடல் எல்லைக்குள் பெர்மி உள்ளவருக்குத் தனி ரேடியோச் சான்றிதழ் தேவையில்லை.

உயிருக்கு ஆபத்து என்றால் சொல்ல வேண்டிய வரிசை இது: 'மேடே' மூன்று முறை, படகின் பெயர் மூன்று முறை, ஜி.பி.எஸ் இடம், என்ன ஆபத்து, எத்தனை பேர். சொல்லிவிட்டுப் பொத்தானை விடுங்கள், பதிலைக் கேளுங்கள். இதை ஒரு அட்டையில் எழுதி ரேடியோ பக்கத்தில் ஒட்டுங்கள். பிரெஞ்சு தடுமாறும் அம்மாவோ பத்து வயதுப் பையனோ படித்துச் சொல்லும்படி பெரிய எழுத்தில், வேண்டுமானால் உச்சரிப்பைத் தமிழில் எழுதி. ஷெஃப் து போரே தண்ணீரில் விழுந்துவிட்டால் பேசப்போவது அவர்கள்தான்.

ஃப்ளேரைக் காற்று அடித்துப் போகும் பக்கமாக, படகுக்கு வெளியே கையை நீட்டிப் பிடிக்க வேண்டும். உருகிச் சொட்டும் கசடு ரப்பர் படகை ஓட்டை போட்டுவிடும். வேறு படகோ விமானமோ கண்ணில் படும்போது மட்டும் ஏற்றுங்கள். மூன்று இருக்கிறது என்று மூன்றையும் ஒரேயடியாகக் கொளுத்திவிட்டால் பிறகு வரும் படகுக்குக் காட்ட ஒன்றும் இருக்காது.

படி 6: தீ, தண்ணீர், கயிறு

தீயணைப்பான் எத்தனை, எங்கே என்று படகோடு வந்த கையேட்டில் இருக்கும். முள் பச்சையில் நிற்கிறதா, தேதி முடிந்ததா என்று பாருங்கள். பெட்ரோல் என்ஜின் அறைக்குள்ளேயே அதை மாட்டாதீர்கள். இறைக்கும் பக்கெட்டின் பிடியில் கயிறு கட்டியிருக்கட்டும். இழுவைக் கயிறு அணியத்தில் பலமான இடத்தில் முடிச்சிட வேண்டும். கைப்பிடிக் கம்பியில் கட்டினால் இழுக்கும்போது கம்பிதான் போகும்.

படி 7: காகிதங்கள்

பெர்மி, அடையாள அட்டை, படகின் பதிவுச் சான்றிதழ். 2022 ஜனவரி முதல் பழைய இரண்டு விதப் பதிவும் ஒன்றாகிவிட்டன. வாங்கியது, விற்றது, முகவரி மாற்றம் எல்லாம் அரசின் 'தெமார்ஷ் பிளேசான்ஸ்' இணையதளத்தில் செய்யலாம். படகு இன்னும் முந்தைய உரிமையாளர் பெயரில் ஓடிக்கொண்டிருந்தால் அவருக்கும் தலைவலி, உங்களுக்கும் தலைவலி. காப்பீடு சட்டப்படி கட்டாயமில்லை, ஆனால் படகு நிறுத்த இடம் தரும் துறைமுகங்கள் கேட்கும். ஓத அட்டவணையையும் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள்தான். பவளப்பாறை வாய்க்காலில் அந்த அரை மீட்டர் புரொப்பல்லரைக் காப்பாற்றும்.

படி 8: சோதனை நாள்

கடல்சார் நிர்வாகம், கடற்படைக் காவல் பிரிவான ஜாந்தார்மெரி மரிட்டீம், சுங்கத்துறை, யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம். என்ஜினை நியூட்ரலில் போட்டு, பக்கவாட்டு ரப்பர் மிதவைகளைத் தொங்கவிட்டு நில்லுங்கள். முதலில் காகிதம். பிறகு 'எத்தனை பேர்?' என்று கேட்டு, லைஃப் ஜாக்கெட்டை எடுத்துக் காட்டச் சொல்வார்கள். அப்போது அவர்கள் பார்ப்பது எண்ணிக்கையை மட்டுமல்ல, எடுக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும்தான். ஃப்ளேரின் தேதி, தீயணைப்பானின் தேதி, என்ஜின் நிறுத்தும் கயிறு, விளக்கு. அப்புறம் 'எங்கே மீன் பிடித்தீர்கள்?' என்று சாதாரணமாக ஒரு கேள்வி வரும். ஜி.பி.எஸ்-ஸில் நீங்கள் போன தடம் இருக்கிறது என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு உண்மையைச் சொல்லுங்கள். ஏதாவது குறை சொன்னால் அங்கேயே வாதாட வேண்டாம், எழுதி வாங்கிக்கொண்டு சரிசெய்யுங்கள்.

சாமான் சரியாக இருந்தும் இரண்டு இடத்தில் மாட்டுவார்கள். கரையிலிருந்து 300 மீட்டருக்குள் வேகம் மணிக்கு 5 கடல் மைலுக்கு மேல் போகக்கூடாது. அடுத்தது கடல் காப்பகம். 2007-இல் அமைத்தது, சேன் போல் பக்கத்து காப் லா ஊசேயிலிருந்து லெத்தான் சலே வரை நீள்கிறது. அதற்குள் எங்கே நங்கூரம் போடலாம், எங்கே மீன் பிடிக்கலாம் என்பதற்குத் தனி விதிகள் உண்டு. அதன் வரைபடமும் உங்கள் ஃபோனில் இருக்கட்டும்.

சொந்தச் சோதனைக்கு அக்டோபர் நல்ல மாதம். காற்று தணியத் தொடங்கும், பெரிய மீன் வரும் காலம் தொடங்கும், புயல் காலத்துக்கும் சற்று முன். ஒரு சனிக்கிழமை எல்லாச் சாமானையும் முற்றத்தில் பரப்பி, தேதி உள்ள ஒவ்வொன்றின் தேதியையும் ஒரே தாளில் எழுதுங்கள். எதுவரை தேதி இருக்கிறது என்பதற்குப் பதில் அடுத்த அக்டோபர் வரை வருமா என்று கேட்டுப் பாருங்கள். வராது என்றால் இப்போதே வாங்கிவிடுங்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் முன் கரையில் ஒருவரிடம் எங்கே போகிறீர்கள், யார் யார், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று சொல்லுங்கள். அந்த நேரத்துக்கு மேல் தகவல் இல்லை என்றால் 196-ஐ அழைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். புயல் முன்னெச்சரிக்கை மஞ்சள் வந்தால் படகை டிரெய்லரில் ஏற்றிக் கட்டும் வேலைதான், கடலுக்குப் போகும் பேச்சே கிடையாது.

தேதி முடிந்த ஃப்ளேர்

பொதுவாக 3 அல்லது 4 வருடத்தில் தேதி முடிந்துவிடும். அக்டோபரில் தாளில் எழுதியதும் கையில் மிஞ்சும் தலைவலி இதுதான். குப்பைத்தொட்டியில் போடக்கூடாது, கடலில் எறியக்கூடாது. தீபாவளிக்கு மத்தாப்பாகக் கொளுத்தலாம் என்று யோசிக்கும் சித்தப்பாக்கள் எல்லா ஊரிலும் உண்டு. கடற்கரையில் சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்த ஒருவர் 196-ஐ அழைத்தால் மீட்புப் படகு கிளம்பிவிடும். ஆபத்து இல்லாமல் ஆபத்துச் சைகை காட்டுவது குற்றமும்கூட. பழைய ஃப்ளேரில் எரிபொருள் கெட்டுப்போயிருந்தால் கையிலேயே வெடிக்கவும் கூடும். புதியது வாங்கும் கடற்சாமான் கடைக்குப் பழையதையும் கொண்டுபோங்கள். ஒன்றுக்கு ஒன்று என்று இலவசமாக வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு பிரான்சில் இருக்கிறது, 'அப்பேர் பிரோ' (APER PYRO) என்ற அமைப்பு அவற்றைச் சேகரித்து அழிக்கிறது. கொண்டுபோகும்வரை ஈரமில்லாத, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில், படகில் உள்ள புதியவற்றோடு கலக்காமல் தனியே வையுங்கள்.